வில்வண்டி முதல் ஷாக் அப்சார்பர் வரை



நம் திண்டுக்கல் பக்கம் பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு வில் கிடையாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். வசதி உள்ளவர்கள் வில்வண்டி வைத்திருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தான் அந்த வில். பட்டைகள் தமக்குள் உரசிக்கொள்வதால் வண்டியின் ஆட்டம் தானே அடங்கும். மாட்டின் நடைக்கு அது போதுமாக இருந்தது.

மோட்டார் வந்ததும் போதவில்லை. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அந்தக் காலத்தில் உலகெங்கும் பொறியாளர்களுக்கு ஒரே தலைவலி: வேகம் கூடினால், அமுங்கிய வில் நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது, சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்?

முதலில் உராய்வுத் தட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு எண்ணெயை நாடினார்கள். குழாய்க்குள் எண்ணெய்; அதில் சிறு துளைகள் உள்ள பிஸ்டன். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே சிரமப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஆக, அடியைத் தாங்குவது வில். வில்லை அடக்குவது ஷாக் அப்சார்பர். பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

1940களில் அமெரிக்கப் பொறியாளர் மெக்ஃபர்சன் இரண்டையும் ஒரே தூணாக இணைத்தார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் முன்சக்கரங்களில் இருந்தது அந்த அமைப்புதான். 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனம் நம் ஓசூரிலும் ஷாக் அப்சார்பர் தயாரிக்கிறது.

"இப்போதுதான் நாலுவழிச் சாலை வந்துவிட்டதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சாலை வழவழப்பானதால் வேகமும் கூடிவிட்டது. அதனால் தேவை அதிகமே தவிரக் குறைவில்லை. ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஓட்டுபவரும் அதற்குப் பழகிவிடுவார். ஆபத்து அங்கேதான்.

ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய்க் கசிவு, டயரில் திட்டுத்திட்டாகத் தேய்மானம், பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிவது, வேகத்தடை தாண்டியும் ஆட்டம் நிற்காதது: இவை அடையாளங்கள். ஒன்று கசிந்தாலும், அதே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் அடங்கி, மறுபக்கம் ஆடினால் வண்டி நிலை தடுமாறும். அமுக்கிய சுருள்வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதை வீட்டில் கழற்ற வேண்டாம், பட்டறையில் விடுங்கள்.

பொங்கலுக்குக் காரில் ஊருக்கு வரும் பிள்ளைகள், புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்