கொல்லையும் கோடை வெயிலும்: காவிரிப் படுகையில் வற்றலின் வரலாறு

தஞ்சை வயல்கள் நெல்லை வாரி வழங்கினவே தவிர, அந்த வயல்களிலிருந்து சமையலறைக்குக் காய்கறி வந்ததில்லை. ஆனி, ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது தொடங்கித் தை மாதத்தில் சம்பா அறுவடை முடியும்வரை வயல்கள் நீர் தேங்கிய நன்செய்யாகவே இருந்ததால், வேரில் நீர் நின்றால் அழுகிப்போகும் கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை முதலியவற்றுக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவை வீட்டின் பின்புறத்துக் கொல்லையிலும், ஆற்றோரம் வண்டல் படிந்து மேடான படுகைத் திடல்களிலும் மட்டுமே விளைந்தன. ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைத்துப் பெய்யும்போது அந்தக் கொல்லையும் சேறாகிவிடும். மாசிக்குப் பிறகு வைகாசி வரையில் காயும் வெயிலும் ஒருசேர மிகுந்திருக்க, மழைக்காலத்தில் இரண்டுமே அற்றுப்போகும் இந்த முரண்பாட்டுக்குப் படுகை மக்கள் கண்ட விடைதான் வற்றலும் வடகமும் உப்பில் ஊறிய காய்களும். காயை உப்பிலோ மோரிலோ ஊறவைத்து வெயிலில் உலர்த்தினால் அது வற்றல். அரைத்த பருப்பையோ அரிசிக் கூழையோ வெங்காயம், பூசணித் துருவல் போன்றவற்றுடன் சேர்த்தோ தனியாகவோ உலர்த்தினால் அது வடகம். சோற்றுக்குத் துணையாக வந்த சிறு பண்டங்கள் என்று இவற்றைக் கருதுவது வழக்கம். உண்மையில், ஒற்றைப் பயிரை நம்பிய ஒரு நாடு தன் உணவில் இருந்த குறையை நிரப்பிக்கொண்ட முறை இது.

இந்தக் கொல்லையின் தொன்மைக்கு இலக்கியச் சான்று உண்டு. கரிகாலனையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் பாடும் பட்டினப்பாலை, சோழநாட்டு மருதநிலத்தை வருணிக்கும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி ஆகியவற்றை அடுக்கிச் சொல்கிறது. நன்கு நீர் பாயும் கொல்லையில் இன்றும் காணக்கூடிய பயிர்களே இவற்றில் பெரும்பாலானவை. அந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே தொண்டைநாட்டு இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் இல்லத்து உணவைச் சொல்லுமிடத்தில், மாதுளங்காயை வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்ததையும் மாவடு ஊறிய காடியையும் குறிப்பிடுகிறார். மாம்பிஞ்சைப் புளிப்பில் ஊறவைத்துக் காக்கும் வழக்கம் தமிழகத்தில் எத்தனை பழையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சோழர் காலத்துக்கு வந்தால் சான்றுகள் பெருகுகின்றன. ஆனால் அவை கோயில் மடைப்பள்ளியைப் பற்றியவை. இறைவனுக்குப் படைக்கும் கறியைக் கறியமுது என்றும், மிளகை மிளகமுது என்றும், உப்பை உப்பமுது என்றும், தயிரைத் தயிரமுது என்றும் கல்வெட்டுகள் அளவோடு பதிவு செய்கின்றன. தென்பாண்டி நாட்டு அம்பாசமுத்திரத்தில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறிகளை வகைபிரித்தே சொல்கிறது. வீட்டுக் கொல்லையைப் பற்றியோ அதில் விளைந்ததைப் பெண்கள் காத்துவைத்த முறையைப் பற்றியோ இவற்றில் பேச்சில்லை. இதற்குக் காரணம் உண்டு. 1010இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் நிலக்கணக்கில், வரி விதிக்கப்படாமல் கழித்துவிடப்பட்ட பகுதிகளாக ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவை வருகின்றன. ஊர்நத்தம் என்பது மக்கள் வீடு கட்டி வாழும் மனைப்பகுதி. வீட்டை ஒட்டிய கொல்லை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். வயலின் நெல் கலம், தூணி, பதக்கு என்று துல்லியமாக அளக்கப்பட்டுப் பதிவேறிய அதே கல்லில், வரி வராத மனையின் அவரைப் பந்தலுக்கு இடம் கிடைக்கவில்லை. படுகையின் உணவு வரலாறு நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டதற்கு அரசின் கணக்கு கொல்லைக்குள் நுழையாததே முதற்காரணம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. காரத்துக்குப் பெரிதும் மிளகையே நம்பியிருந்த சமையலில் அது மெல்ல இடம்பிடித்து, பிளந்த மிளகாயைப் புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்தும் மோர்மிளகாயாகப் பழைய வற்றல் முறைக்குள் புகுந்துகொண்டது. புதிய காய் ஒன்று வந்ததும் அதைப் பழைய முறையால் வசப்படுத்திக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மிளகாய் வருவதற்கு முந்திய கொல்லை எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் திவசச் சமையலைப் பார்க்கலாம். முன்னோர்க்குப் படைக்கும் அந்த இலையில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு எதுவும் சேர்வதில்லை. மிளகும் சீரகமும் வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டையுமே சேர்கின்றன.

கொல்லை இருந்த வீட்டின் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகள் தெருவில் குறுகிய முகப்பும் பின்னோக்கி நீண்ட மனையும் கொண்டவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று கடந்து சென்றால் கொல்லை வரும். அதன் எல்லை பல ஊர்களில் ஒரு வாய்க்காலில் முடியும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தன. கிணற்று ஓரத்தில் கறிவேப்பிலையும் நார்த்தையும் நின்றன. வேலியோரம் சுண்டை நின்றது, வேலியில் பாகலும் கோவையும் படர்ந்தன. யாரும் விதைக்காமலே மணத்தக்காளி முளைத்தது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிக்கேற்ப ஆடியில் ஊன்றிய அவரையும் பூசணியும் தைப்பொங்கலுக்குக் காய்த்தன. பொங்கலன்று பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, கருணை, சேம்பு எல்லாவற்றையும் கூட்டிச் செய்த குழம்பில் மிஞ்சியதை அடுத்தடுத்த நாள்களில் சிறுதீயில் சுண்டக் காய்ச்சி உண்பது, புளியையும் தீயையும் கொண்டு காய்கறியின் ஆயுளைச் சில நாள் நீட்டிய எளிய பாதுகாப்பு முறை. தையில் விதைத்த கொத்தவரையும் வெண்டையும் கத்தரியும் பங்குனி, சித்திரையில் தின்று தீராத அளவு காய்த்தன.

அதே வேளையில் வயலும் தன் பங்கைத் தந்தது. சம்பா அறுப்பதற்கு ஒருவாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்கிடையே ஈரச் சேற்றில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவது படுகையின் பழக்கம். நெல் அறுபட்டபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை வளர்ந்து பங்குனி வாக்கில் களத்துக்கு வரும். புது உளுந்தும், கொல்லைக் காயும், உருவி விதைநீக்கிய புதுப்புளியும், கடுங்கோடை வெயிலும் ஒரே மாதத்தில் கூடின. வடகமும் கும்பகோணத்தின் அப்பளமும் வேறெந்த மாதத்தையும்விடக் கோடையில் பெருகியதற்கு இதுவே காரணம். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டு நீர்வரத்து முறைப்பட்டபின் குறுவைச் சாகுபடி விரிந்ததே தவிர, கொல்லையின் இந்த நாள்காட்டி மாறவில்லை.

வற்றல் போடுவது பார்வைக்கு எளிது. செய்வதற்குக் கூர்ந்த கவனம் வேண்டும். சுண்டைக்காயைக் காம்பு களைந்து, ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டி வாய் பிளக்கச் செய்து, நீரில் அலசி விதையில் ஒரு பங்கைப் போக்கி, கல்லுப்பு கரைத்த புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவிடுவார்கள். காலையில் காயை மட்டும் வடித்தெடுத்துப் பாயில் பரப்பிக் காயவைத்து, மாலையில் அதே மோரில் மீண்டும் போடுவார்கள். இவ்வாறு மூன்று நான்கு நாள், மோர் முழுவதையும் காய் குடித்துத் தீரும்வரை நடக்கும். உப்பு காயின் நீரை வெளியே இழுக்க, மோரின் புளிப்பு உள்ளே சென்று அழுகலைத் தடுக்கிறது, கசப்பும் தணிகிறது. பிறகு இன்னும் சில நாள் வெயிலில் காய்ந்து, கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலித்தால்தான் ஜாடிக்குள் போகும். கொத்தவரைக்கு முறை வேறு: உப்பு நீரில் ஒரு கொதி வரும்வரை வேகவிட்டு, முறுக்காமல் வடித்து உலர்த்துவார்கள், அந்த ஒரு கொதி அதன் நிறத்தையும் பக்குவத்தையும் காக்கிறது. நார்த்தங்காயை அறுபடாமல் சுருள்போலச் சுற்றி நறுக்கி, மடிப்புகளில் உப்பை அடைத்து ஜாடியில் போட்டு நாள்தோறும் குலுக்கிவிட்டு, அது விட்ட நீரிலேயே ஊறவிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் தன் சாற்றிலுமாக மாற்றி மாற்றி வைப்பார்கள். ஜாடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதற்கு வேடு கட்டுதல் என்று பெயர். ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன் மீண்டும் ஒரு வெயில் காட்டாத வற்றல் கார்த்திகையில் பூஞ்சணம் பிடித்துவிடும். இப்படிக் காத்த வற்றல் மழைநாளில் நல்லெண்ணெயில் பொரிந்து, புளிக்கரைசலில் சேர்ந்து வற்றல்குழம்பாகும். சுண்டை, மணத்தக்காளி வற்றல்களும் சித்திரையில் உலர்த்திய வேப்பம்பூவும் மிளகும் சுக்கும் சேர்த்து இடித்த அங்காயப்பொடி, பிள்ளை பெற்றவளின் பத்தியச் சோற்றுக்கு உதவியது.

இவை அனைத்துக்கும் அடிப்படை உப்பு. பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கிழக்கு முனையில் வேதாரண்யத்து உப்பளங்கள் இருந்தும், கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியபின் அருகிலேயே விளையும் உப்புக்கும் மக்கள் வரிசேர்ந்த விலை தர வேண்டியதாயிற்று. பணக்காரனும் ஏழையும் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது உப்பு வரியை எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று. ஆண்டுக்குத் தேவையானதை ஒரே மாதத்தில் உப்பிட்டு வைக்கும் படுகைக் குடும்பத்துக்கு அந்தச் சுமை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். 1930 ஏப்ரல் 13 அன்று இராசகோபாலாச்சாரியார் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடந்து 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்து, 30ஆம் நாள் தடையை மீறி உப்பெடுத்தார்கள். தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தபோது, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த நடைப்பயணம் நிகழ்ந்தது சித்திரையில், வீடுதோறும் வற்றலுக்கு உப்பு கரையும் நாள்களில் என்பதை வரலாற்றாசிரியர்கள் கவனித்திருக்க வேண்டும். உப்பு வரி 1947இல் நீங்கியது.

ஏட்டில் ஏறிய சமையல் பெரும்பாலும் அரண்மனைச் சமையல். இரண்டாம் சரபோசி மன்னரின் (1798–1832) மடைப்பள்ளியைச் சார்ந்த சரபேந்திர பாகசாஸ்திரம் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு அச்சிலும் வந்தது. வீட்டு வற்றலின் பக்குவமோ மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைவழியாகவே சென்றது. வேலை தேடி நகரங்களுக்குக் குடும்பங்கள் பெயர்ந்து, அந்தத் தொடர்பு அறுந்தபோதுதான் எழுத்து தேவைப்பட்டது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ போன்ற நூல்கள் அந்த இடைவெளியை நிரப்பின.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. கொல்லை என்பது மனை உள்ளவரின் உடைமை. வயலில் நட்டு அறுத்த பண்ணையாள் குடும்பங்கள் மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டு, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் வாழ்ந்தன. அவர்களின் கறி வயலோரத்துப் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும், சேற்று நண்டும் நத்தையும், நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த கருவாடுமாக இருந்தது. வரப்போகும் மழைக்காலத்துக்கென்று காய் பறித்து உலர்த்த, தனதென்று சொல்ல ஒரு சுண்டைச் செடி ஊன்றும் இடம் அவர்களுக்கு இல்லை. 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலை, கூலி பற்றியது. 1968 டிசம்பர் 25 அன்று கூலிப் போராட்டத்தின் நடுவே கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, 1971இல் தமிழ்நாடு அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டமே, குடியிருக்கும் மனையை உழவுத் தொழிலாளருக்கு உரிமையாக்கியது. முருங்கையும் சுண்டையும் வாழையும் நிற்கும் சிறு கொல்லை அவர்களின் வீட்டுக்கும் வந்தது இந்தச் சட்டத்தால்தான். படுகைக் கொல்லையின் வரலாற்றில் மேட்டூர் அணையைவிடப் பெரிய திருப்பமாக இதையே கொள்ள வேண்டும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நீலகிரியிலிருந்தும் லாரியில் ஆண்டு முழுதும் காய்கறி வந்து இறங்கத் தொடங்கியதும், குளிர்பதனப் பெட்டி வீட்டுக்குள் வந்ததும் வற்றலின் கட்டாயத்தைக் குறைத்தன. கொல்லைகள் பலவும் கூறுபட்டு வீட்டுமனைகளாயின. ஆனாலும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் இடையிலான பழைய சிக்கல் படுகையை விட்டுப் போகவில்லை. குறுவை அறுவடை மழையில் அகப்பட்டு நெல் முளைத்துவிடும் சேதத்தைத் தீர்க்க 1967இல் திருவாரூரில் தொடங்கிய நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம், பின்னர் தஞ்சாவூருக்கு வந்து வளர்ந்து, 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாகி, காய்கனிகளை உலர்த்தும் முறைகளையும் ஆராய்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை கடைத்தெருக்களில் மணத்தக்காளியும் கொத்தவரையும் மோர்மிளகாயும் பொட்டலங்களில் விற்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்கள் உலர்த்தியவை. முன்பு வீட்டுக் கணக்கிலும் அரசுக் கணக்கிலும் பதிவாகாத அந்த உழைப்புக்கு இப்போது எடையும் விலையும் உண்டு.