கணக்குத் தீர்த்த பிறந்தநாள்

டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த அதன் நிறுவனர் பெர்ரி கோர்டி, அங்கே கண்ட முறையிலேயே பாட்டையும் உருவாக்கினார். எழுத ஒருவர், பாட ஒருவர், வாசிக்க ஒரு குழு, எது வெளிவரலாம் என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம். அந்த வரிசையில் 11 வயதில் வந்து நின்றவர் ஸ்டீவி வொண்டர். குறைமாதத்தில் பிறந்து பார்வையை இழந்த பையன். 13 வயதில் அவருடைய 'ஃபிங்கர்டிப்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

சம்பாதித்ததோ அவர் கைக்கு வரவில்லை. மைனர் என்பதால் பணம் பொறுப்பாளர்களிடம் இருந்தது. 1971 மே 13 அன்று 21 வயது நிறைந்ததும் பணம் வந்தது. பழைய ஒப்பந்தமும் முடிந்தது. அதற்கு முந்தைய மாதமே, மனைவி சிரீட்டா ரைட்டோடு எல்லாப் பாடல்களையும் எழுதி, தானே தயாரித்த 'வேர் ஐயம் கமிங் ஃப்ரம்' ஆல்பம் வெளிவந்திருந்தது. அது முதல் அடி.

அடுத்த அடியை நியூயார்க்கில் வைத்தார். மால்கம் செசில், ராபர்ட் மார்கோலெஃப் இருவரும் அங்கே 'டோன்டோ' என்ற பிரம்மாண்டமான சின்தசைசரை அமைத்திருந்தார்கள். அவர்கள் குமிழ்களைத் திருப்பி ஒலியைப் பதப்படுத்துவார்கள். ஸ்டீவி கட்டைகளில் வாசிப்பார். ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடமாகப் பாட்டு வளரும். மனதில் கேட்டதை இன்னொருவரிடம் விளக்கி வாசிக்கச் சொல்லவேண்டிய நிலை போயிற்று. டிரம்ஸ், பியானோ, ஹார்மோனிகா என்று ஏறக்குறைய எல்லாமே அவர் கைவண்ணம். ஒரு பாட்டில் பஸ் ஃபைட்டனின் கிட்டார், இன்னொன்றில் ஆர்ட் பாரனின் டிராம்போன், அவ்வளவே வெளியார் வாசிப்பு.

இப்படி உருவாகி 1972 மார்ச்சில் வந்த 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்' ஆல்பம் அவருடைய உச்சம் அல்ல. சில பாடல்கள் முடியத் தெரியாமல் நீள்கின்றன. ஆனாலும் இரண்டு பாடல்களை ஒன்றாகத் தைத்த, எட்டு நிமிட 'சூப்பர்வுமன்' ஒலிக்கும்போது, தன் விருப்பப்படி தடுமாறவும் உரிமை பெற்ற ஓர் இளைஞனின் மகிழ்ச்சி எனக்குக் கேட்கிறது. அந்த உரிமையில்தான் மேதை பிறந்தான்.

அவர் மோடவுனை விட்டுப் போகவில்லை. கூடுதல் பங்கு, பாடல்களின் உரிமைக்குத் தன் சொந்த நிறுவனம், இசையில் தலையிடாத சுதந்திரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே 1972 அக்டோபரில் வந்தது 'டாக்கிங் புக்'. அங்கே அந்தத் தடுமாற்றம் நடையாக மாறியதை அடுத்த வாரம் கேட்போம்.

(தொடரும்)