இறக்குமதி உணவுப் பாதுகாப்புக் கட்டுப்பாடு (இந்தியா)

இறக்குமதி உணவுப் பாதுகாப்புக் கட்டுப்பாடு என்பது வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வரும் உணவுப் பொருள்கள் உள்நாட்டுச் சந்தையை அடையுமுன் அவற்றின் தரத்தையும் பாதுகாப்பையும் அரசு சரிபார்க்கும் முறையாகும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) சுங்கத்துறையுடன் இணைந்து இதை நடத்துகிறது. ஆணையத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் சுங்கத்துறை சரக்கை விடுவிப்பதில்லை.

சட்டப் பின்னணி

முன்னர் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின்படி, துறைமுகச் சுகாதார அலுவலர்கள் இப்பணியைக் கவனித்தனர். அதற்கு மாற்றாக வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அதன்படி ஆணையம் 2008-இல் அமைந்தது. பாதுகாப்பற்ற, தரம் குறைந்த, தவறான முத்திரையிட்ட உணவுகளையும் அயற்பொருள் கலந்தவற்றையும் இறக்குமதி செய்வதைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தடைசெய்கிறது. நடைமுறை விவரங்களை 2017-ஆம் ஆண்டின் இறக்குமதி ஒழுங்குமுறைகள் வகுத்துள்ளன.

சரிபார்ப்பு முறை

இறக்குமதியாளரிடம் ஆணையத்தின் மத்திய உரிமமும், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும். சரக்கு விவரங்கள் சுங்கத்துறையின் இணையவழி ஒற்றைச் சாளரத்தில் பதிவாகின்றன. இந்த ஏற்பாடு 2016 முதல் நடப்பில் உள்ளது. எல்லாச் சரக்குகளும் ஒரே அளவுக்குச் சோதிக்கப்படுவதில்லை; எவற்றிலிருந்து மாதிரி எடுப்பது என்பதை இடர் மதிப்பீடு தீர்மானிக்கிறது.

சோதனை மூன்று படிகளில் நடக்கிறது: ஆவண ஆய்வு, நேரடிப் பார்வை, ஆய்வகப் பகுப்பாய்வு. பார்வையிடும்போது பொட்டலத்தின் நிலை, லேபிள், எஞ்சிய ஆயுட்காலம் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. விடுவிக்கும் நேரத்தில் மொத்த ஆயுட்காலத்தில் 60 விழுக்காடு அல்லது 3 மாதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவாவது எஞ்சியிருக்க வேண்டும். ஓராண்டு கெடாத பிஸ்கட்டுக்கு 3 மாதம் போதும். 4 மாதமே தாங்கும் பொருளுக்கு ஏறத்தாழ 72 நாள் தேவை.

இறக்குமதியாளர் முகவரி, ஆணையத்தின் சின்னம், உரிம எண், சைவ-அசைவக் குறியீடு போன்றவை விடுபட்டிருந்தால், சுங்கக் கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்யலாம். காலாவதித் தேதி இல்லாதது போன்ற குறைகளுக்கு இச்சலுகை இல்லை. அத்தகைய சரக்கு மாதிரி எடுக்கும் முன்பே நிராகரிக்கப்படும்.

மாதிரி இரண்டு பகுதிகளாக எடுக்கப்படுகிறது. ஒன்று ஆய்வகத்துக்குச் செல்லும். மற்றொன்று மேல்முறையீட்டுக்காக வைக்கப்படும். ஆய்வறிக்கை 5 நாளில் வரவேண்டும். 7 நாளுக்கும் குறைவாகத் தாங்கும் உணவுகளை, அறிக்கைக்குக் காத்திராமல் தற்காலிகச் சான்றின் பேரில் விடுவிக்க இடமுண்டு. முடிவை ஏற்காத இறக்குமதியாளர் மேல்நிலை ஆய்வகத்தில் மறு ஆய்வு கோரலாம். தேறாத சரக்கு திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும்.

நிர்வாகம்

சென்னை, தூத்துக்குடி, கொச்சி, மும்பை, கொல்கத்தா, தில்லி உள்ளிட்ட இடங்களில் ஆணையத்தின் அலுவலர்களே சோதனையிடுகின்றனர். பிற நுழைவாயில்களில் இந்த அதிகாரம் சுங்க அலுவலர்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. தாவர நோய்களும் கால்நடை நோய்களும் பரவாமல் தடுக்கும் சோதனைகளை அவற்றுக்குரிய தனித் தொற்றொதுக்க அமைப்புகள் மேற்கொள்கின்றன.

தடைகளும் முன்நிபந்தனைகளும்

சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் கலக்கப்பட்டது 2008-இல் வெளிப்பட்டதும், அந்நாட்டுப் பால், பால்பொருள்களுக்கு இந்தியா தடை விதித்தது. துறைமுக ஆய்வகங்கள் மெலமினைக் கண்டறியும் திறன் பெறும்வரை தடையைத் தொடர்வதென 2019-இல் முடிவாயிற்று. 2021 மார்ச் முதல் 24 வகைப் பயிர்களின் சரக்குகளுடன், அவை மரபணு மாற்றப்படாதவை என ஏற்றுமதி நாடு அளிக்கும் சான்று வரவேண்டும். இத்தகைய விதிகளால் பாதுகாப்புப் பொறுப்பின் ஒரு பகுதி, சரக்கு கப்பலேறும் முன்பே ஏற்றுமதி நாட்டு அரசையும் சேர்கிறது.