திருவயிந்திரபுரக் கல்வெட்டும் காடவர் கோப்பெருஞ்சிங்கனும்

சோழர்க்குப் பாடிகாவற்பணி புரிந்த காடவர் குடியிற் றோன்றிய கோப்பெருஞ்சிங்கன், கி. பி. 1231ஐ ஒட்டி மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த செய்தி, கடலூரை அடுத்த திருவயிந்திரபுரக் கல்வெட்டால் அறியப்படுகின்றது. இதுகொண்டு அவனை இராசத்துரோகி எனக் கூறி அமைவாருமுளர். அக்கல்வெட்டோ, சோழனை மீட்க வந்த போசளன் வீரநரசிம்மனுடைய தண்டநாயகர் அப்பண்ணன், சமுத்திரகோப்பையன் ஆகியோர் வெற்றியைப் புகழ்வது என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது. எள்ளேரி, கள்ளியூர்மூலை, சோழகோன் இருந்த தொழுதகையூர் என்பவற்றை அழித்த அவர்கள், பொன்னம்பலத்தை வணங்கிய பின்னர் வடக்கே சென்று திருவதிகையையும் அழித்தனர். அச்சோழகோன் காடவனுடைய அதிகாரி. அவன் பெயர் தில்லைக் கல்வெட்டுக்களிலும் பயில்கின்றது. இருதிறத்தாரும் வழிபட்ட அம்பலம் ஒன்றே.

தோல்வியால் காடவர் அழிந்திலர். சோழன் அரியணையில் இருக்கும்போதே, 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் பெயரில் தனி ஆட்சியாண்டுகளும் சகலபுவனச் சக்கரவர்த்தி என்னும் பட்டமும் கல்வெட்டுக்களில் வருகின்றன. முன்னவன் தந்தை, பின்னவன் மகன் என்பர் சிலர், அது பொருந்துவதே. சிறைசெய்தும் கிட்டாத அரசுரிமையைக் கோயிற்பணி நிலைபெறச் செய்தது எனலாம். பகைவரை வென்ற பொருளால் தில்லைக் கீழைக்கோபுரம் எடுப்பித்ததை ஆந்திரநாட்டுத் திரிபுராந்தகத்திலும் அவன் பொறிப்பித்துள்ளான். பின்னர்ச் சேந்தமங்கலத்தைக் கைக்கொண்ட சடாவர்மன் சுந்தரபாண்டியனும் அதனை அவனுக்கே திருப்பி அளித்தான்.