கடன் காத்த தெருக்கள், கடன் காக்காத தெருக்கள்: ஆஷ்வில் நகர மையத்தின் மறுவாழ்வு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மூலையில், ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 அடி உயரத்தில் இருக்கிறது ஆஷ்வில். 1920களில் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்களும் அவற்றுக்கு முந்திய செங்கல் கடைத்தெருக்களும் அந்த ஊரின் நகர மையத்தில் இன்றும் நெருக்கமாக நிற்கின்றன. அமெரிக்காவின் இத்தனை சிறிய நகரம் ஒன்றில் இப்படி எஞ்சியிருப்பது அபூர்வம். எப்படித் தப்பின என்று கேட்டால் ஊரார் சொல்லும் பதில் ஒன்றுதான்: கடன். 1930இல் நொடித்துப்போன நகராட்சி 1976 வரை கடனை அடைத்துக்கொண்டே இருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. அதனால் பழைய ஊர் பிழைத்தது.

இந்த விளக்கம் பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதே நகராட்சி, அதே கடன் பின்னணியோடு, நகர மையத்தை ஒட்டியிருந்த கறுப்பின மக்களின் குடியிருப்புகளை ஏக்கர் கணக்கில் இடித்தது. எந்தத் தெரு நிற்கும், எந்தத் தெரு விழும் என்பதைக் கடன் மட்டும் முடிவு செய்யவில்லை. பணம் யாரிடமிருந்து வந்தது, வாக்களிக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, மாடிகளில் யார் குடியிருந்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் வரலாறு பிடிபடும்.

மலையைத் தேடி வந்தவர்கள்

1880 அக்டோபரில் ரயில் வந்து சேரும்வரை ஆஷ்வில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த மலையூர். அந்த ரயில் பாதையை அமைத்தவர்கள் சிறைக் கைதிகள். பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத கறுப்பினத்தவர்கள். ஸ்வானனோவா சுரங்கப் பாதையைக் குடையும் வேலையிலும் அதையொட்டிய வேலைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் செழிப்பைப் பற்றிய எந்த ஆய்வும் இவர்களைக் குறிப்பிடாமல் தொடங்குவது முறையாகாது.

ரயிலில் முதலில் வந்தவர்கள் காசநோயாளிகள். மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லது என்று அக்கால மருத்துவம் நம்பியது, சானடோரியங்கள் பெருகின. நோயாளிகளுக்குப் பின்னால் பணக்காரர்கள் வந்தார்கள். ஜார்ஜ் வாண்டர்பில்ட் 1895இல் ஊருக்குத் தெற்கே பில்ட்மோர் மாளிகையைத் திறந்தார். குளிர்காய்ச்சல் மருந்து விற்றுச் செல்வம் சேர்த்த எட்வின் குரோவ் 1913இல் குரோவ் பார்க் இன் விடுதியைக் கட்டினார். பிறகு நகர மையத்தில் இருந்த பேட்டரி பார்க் குன்றையே வெட்டிச் சமதளமாக்கி, அந்த மண்ணைக்கொண்டு அருகிலிருந்த பள்ளத்தை நிரப்பினார். மலையைப் பார்க்க வருபவர்களுக்காக ஒரு குன்றை அகற்றிய அந்தச் செயல் 1920களின் துணிச்சலுக்கும் அளவு தெரியாமைக்கும் நல்ல சான்று.

1920இல் 28,504ஆக இருந்த மக்கள்தொகை 1930இல் 50,193 ஆயிற்று. 1924இல் ஜாக்சன் பில்டிங், 1928இல் டக்ளஸ் எலிங்டன் வடிவமைத்த நகராட்சிக் கட்டடம், 1929இல் எஸ் அண்ட் டபிள்யூ உணவகம், அதே ஆண்டு குரோவ் ஆர்கேட் என்று வரிசையாக எழுந்தன. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பூங்கா எல்லாவற்றுக்கும் நகராட்சி கடன்பத்திரம் வெளியிட்டது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும், வரி வருமானமும் ஏறும், கடன் தானாக அடையும் என்ற கணக்கு.

1930 நவம்பர் 20 அன்று சென்ட்ரல் பேங்க் அண்ட் டிரஸ்ட் வங்கி மூடியது. நகராட்சியும் மாவட்டமும் அதில் போட்டிருந்த பல மில்லியன் டாலர் பொதுப்பணமும் அதோடு போயிற்று. மேயராக இருந்த கேலட்டின் ராபர்ட்ஸ் பதவி விலகினார். 1931 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். தலைக்கு இவ்வளவு கடன் அமெரிக்காவில் வேறு எந்த நகரத்துக்கும் இல்லை என்று அன்று பேசப்பட்டது. பல நகரங்கள் கடன் கொடுத்தவர்களோடு பேசி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துகொண்ட காலத்தில், ஆஷ்வில் முழுவதையும் அடைப்பது என்று முடிவெடுத்தது. 1936இல் கடன் மறுசீரமைக்கப்பட்டது. கடைசித் தவணை 1976இல் கட்டி முடிந்தபோது பழைய பத்திரங்களை எல்லோர் முன்னிலையிலும் எரித்தார்கள்.

காலி மாடிகளும் முதியவர்களும்

கடன் இருந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் நகர மையம் அப்படியே உறைந்து கிடந்தது என்று எழுதுவது வழக்கம். அப்படி இல்லை. குரோவ் ஆர்கேடின் கடைக்காரர்களை 1942இல் மத்திய அரசு காலி செய்யச் சொல்லிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகு நாட்டின் வானிலைப் பதிவுகளைக் காக்கும் தேசியத் தட்பவெப்பத் தரவு மையம் பல பத்தாண்டுகள் அங்கே இயங்கியது. அடுத்து வந்த அடி 1970களின் தொடக்கத்தில் டனல் ரோடில் திறந்த வணிக வளாகம். பெரிய துணிக்கடைகள் ஒவ்வொன்றாக அங்கே போயின. நகர மையத்தில் எஞ்சிய கடைகள் செங்கல் முகப்பை அலுமினியத் தகட்டால் மூடிக்கொண்டு புதுசாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தன. மேல்தளங்களில் தகர அச்சுக் கூரையும் ஆளுயர ஜன்னல்களும் புறாக்களுக்கு விடப்பட்டன.

இந்த இருண்ட காலத்திலும் நகர மையத்தில் வாழ்ந்தவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் இவர்களைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று கருதுகிறேன். வாண்டர்பில்ட் ஹோட்டலும், பின்னர் பேட்டரி பார்க் ஹோட்டலும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறின. காலையில் மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் நடந்துபோன இந்த முதியவர்கள்தான் தெருவில் ஆள்நடமாட்டம் அறவே அற்றுப்போகாமல் பார்த்துக்கொண்டவர்கள். மறுவாழ்வின் முதல் குடிவாசிகள் கலைஞர்களோ இளைஞர்களோ அல்லர். அரசு வாடகை உதவியோடு வாழ்ந்த தாத்தா பாட்டிகள்.

இடிந்த பாதி

கடன் காத்தது என்ற கதை இங்கேதான் தடுக்கி விழுகிறது. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் 'நகரப் புதுப்பிப்பு' திட்டச் செலவில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசே ஏற்றது. எனவே கையில் காசில்லாத நகராட்சியாலும் இடிக்க முடிந்தது. 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நகர மையத்துக்குத் தெற்கிலிருந்த சவுத்சைடும் கிழக்கிலிருந்த ஈஸ்ட் எண்டும் இதற்கு இலக்காயின. நானூறு ஏக்கருக்கு மேல் பரந்த ஈஸ்ட் ரிவர்சைடு திட்டம் தென்கிழக்கு மாநிலங்களிலேயே மிகப் பெரிய ஒன்றாகச் சொல்லப்படுகிறது. சவுத்சைடில் திருச்சபை நடத்திய வெஸ்லி கிராண்ட் பின்னாளில் அழிந்தவற்றைப் பட்டியலிட்டார்: ஆயிரத்து நூறு வீடுகளுக்கு மேல், அழகு நிலையங்கள், முடிதிருத்தகங்கள், மளிகைக் கடைகள், ஈமச்சடங்கு இல்லங்கள், தேவாலயங்கள். ஈஸ்ட் எண்டின் முதுகெலும்பாக இருந்த வேலி தெரு அகலமாக்கப்பட்டது. அதன் பெயரும் மறைந்து சவுத் சார்லட் தெரு ஆயிற்று. அந்தத் தெரு மறையுமுன் ஆண்ட்ரியா கிளார்க் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று ஊரின் பொது நூலகத்தில் உள்ளன. மரத் திண்ணை வைத்த வீடுகள், படிக்கட்டில் உட்கார்ந்த பிள்ளைகள், கடை வாசலில் கூடி நிற்கும் ஆண்கள்: சிதைந்த பகுதி என்று அரசு ஆவணம் குறித்த இடத்தில் ஓர் ஊர் இருந்ததற்கு அவை சாட்சி.

கறுப்பினத்தவர் வணிகம் நடத்திய ஈகிள் தெரு, மார்க்கெட் தெரு பகுதியில் ஒரு கட்டடம் தப்பியது: 1893இல் வாண்டர்பில்ட் பணத்தில் எழுந்து, பின்னர் கறுப்பின மக்களே விலைக்கு வாங்கிய இளைஞர் நிலையம். அதைக் காத்தது கடன் அன்று. 1980 வாக்கில் கறுப்பினத் திருச்சபைகள் ஒன்றுகூடி அதை மறுபடி வாங்கின.

துணி கட்டிய நாள்

1980 வாக்கில் இடிப்பு வெள்ளையர் வணிகப் பகுதிக்கும் வந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்ட்ரவுஸ் கிரீன்பர்க் நிறுவனம் ஒரு திட்டம் தந்தது: லெக்சிங்டன் அவென்யூவைச் சுற்றிய பதினோரு கட்டடத் தொகுதிகளை, 85 கட்டடங்களோடு, தரைமட்டமாக்கி உள்ளரங்க வணிக வளாகம் கட்டுவது. புறநகர் வளாகம் பறித்துக்கொண்ட வாடிக்கையாளர்களை மற்றொரு வளாகத்தால் மீட்கலாம் என்ற நம்பிக்கை. வங்கி அதிகாரிகளும் நகரத் தலைவர்களும் ஆதரித்தார்கள்.

எதிர்ப்பு, 'சேவ் டவுன்டவுன் ஆஷ்வில்' என்ற குழுவாகத் திரண்டது. வெய்ன் கால்ட்வெல் அதன் தலைவர். அவர்கள் செய்த காரியங்களில் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும். திட்ட எல்லையைத் தாளில் பார்த்தால் அது ஒரு கோடு. எவ்வளவு பெரிது என்று யாருக்கும் உறைக்காது. கலைஞர் பெகி கார்ட்னர் 1980 ஏப்ரலில் ஊராரிடம் துணி கேட்டார். கிழிந்த படுக்கைவிரிப்பு, பழைய திரைச்சீலை, மிச்சத் துணி எல்லாம் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, நூற்றுக்கணக்கானோர் கைகளில் ஏந்தி, இடிபடவிருந்த பகுதி முழுவதையும் சுற்றி வளைத்து நின்றார்கள். கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் கடை துணிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நகரத் திட்டமிடலை மக்களுக்குப் புரியவைத்த முறைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன்.

திட்டத்துக்கு வேண்டிய 4 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்காளர் ஒப்புதல் தேவைப்பட்டது. 1981 நவம்பரில் அதைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். கடனின் நினைவு வேலை செய்தது இங்கேதான்: பத்திரம் எரிந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது, மறுபடியும் கடனா என்ற அச்சம் பழமையை விரும்பாதவர்களையும் எதிர்த்து வாக்களிக்க வைத்தது. ஈஸ்ட் எண்டு மக்களிடம் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்தப்படவே இல்லை. இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாக் காரணங்களையும்விடக் கனமானது என்பது என் கருத்து.

மாடியில் விளக்கு

காப்பாற்றிய கட்டடத்தில் யார் குடியிருப்பது? 1979இல் நகர மையம் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்ததால், பழைய கட்டடத்தைச் சீரமைப்பவர்களுக்கு மத்திய வருமான வரியில் சலுகை கிடைத்தது. 1981இல் அது செலவில் 25 விழுக்காடு, 1986க்குப் பின் 20. 1982இல் ஹங்கேரியில் பிறந்த எமெகெ பிராட்ஸ் ஹேவுட் தெருவில் மாலப்ராப்ஸ் புத்தகக் கடையைத் திறந்தார். இருட்டியபின் ஆள் நடமாடத் தயங்கிய தெருவில் மாலையும் விளக்கெரிந்த கடை அது.

பெரிய திருப்பம் ஜூலியன் பிரைஸ். காப்பீட்டுத் தொழிலில் சேர்ந்த குடும்பச் சொத்துக்கு வாரிசான இவர் 1990 வாக்கில் ஆஷ்வில்லில் குடியேறினார். பேட் வேலன் என்பவரோடு சேர்ந்து 'பப்ளிக் இன்டரஸ்ட் புராஜெக்ட்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சுமார் 1.5 கோடி டாலரை நகர மையத்தில் போட்டார். நகர மையம் பிழைக்க வேண்டுமானால் அங்கே மக்கள் வாழ வேண்டும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது அவர் கொள்கை. ஆனால் காலி மாடியை வீடாக்குவது எளிதல்ல. இரண்டாவது மாடிப்படி, தீயணைப்புத் தெளிப்பான், லிஃப்ட் என்று விதிகள் கேட்டவை எல்லாவற்றையும் முதலில் செய்தாக வேண்டும். அந்தத் தெருவில் இதற்குமுன் யாரும் நல்ல வாடகை தந்ததில்லை என்பதால் வங்கி கடன் தராது. வங்கி அஞ்சிய அந்த இடத்தில்தான் பிரைஸ் தன் பணத்தை வைத்தார். மேலே குடியிருப்பு, கீழே உணவகமோ கடையோ; கடைக்காரர்களுக்கு முதலோடு கணக்கெழுதும் உதவியும் தந்தார். 2001இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் நிறுவனம் உதவிய 'ஆரஞ்ச் பீல்' இசையரங்கம் அடுத்த ஆண்டு திறந்தது. வானிலைத் துறை 1995இல் காலி செய்த குரோவ் ஆர்கேடும் அதே 2002இல் மறுபடி கடைகளோடு திறந்தது. ஆஸ்கர் வோங் 1994இல் பில்ட்மோர் அவென்யூவின் ஒரு நிலவறையில் தொடங்கிய ஹைலேண்ட் மதுவாலை, பின்னாளில் ஊருக்கே அடையாளமான பியர்த் தொழிலுக்கு வழிகாட்டியது.

வாடகை

2010க்குப் பிறகு நகர மையத்தில் பெருகியவை விடுதிகள். விடுதி வரியை எப்படிச் செலவிடுவது என்பதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தியது. நெடுங்காலம் அதில் முக்கால் பங்கு சுற்றுலா விளம்பரத்துக்கே போனது. குப்பை அள்ளுவதும் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்ப்பதும் உள்ளூர்வாசியின் தலையில் விழுந்தன. 2019 செப்டம்பரில் நகர மன்றம் புதிய விடுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்து, 2021 பிப்ரவரியில் புதிய விதிகளோடு விலக்கியது. வீடுகளை முழுசாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதையும் பெரும்பாலான பகுதிகளில் நகராட்சி தடுத்தது. மாடி வீட்டின் விலை அதனால் இறங்கவில்லை. கீழ்த்தளத்தில் சமைப்பவரும் பரிமாறுபவரும் மேல்தளத்தில் குடியிருக்க முடியாத நிலை வந்துவிட்டது. பிரைஸின் கொள்கை இங்கே பாதி வழியில் நின்றுபோனது. இதை வெற்றியின் பக்கவிளைவு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை.

2020 ஜூலையில் நகர மன்றம் கறுப்பின மக்களுக்கு இழைத்த தீங்குக்கு ஒருமனதாக மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. நகரப் புதுப்பிப்பில் கையகப்படுத்திய நிலங்களும் அந்த விவாதத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டு, நகராட்சி நிலம் விற்ற பணத்திலிருந்து 21 லட்சம் டாலர் முதல் ஒதுக்கீடாக வைக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழையில் பிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடி உயரத்தை எட்டி, 1916 வெள்ளத்தின் 23.1 அடியை முறியடித்தது. ஆற்றோரத்துக் கலைஞர் பட்டறைகளும் பில்ட்மோர் வில்லேஜும் மூழ்கின. மேட்டில் இருக்கும் நகர மையத்துக்குள் ஆறு வரவில்லை. ஆனால் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெருங்குழாய்கள் அறுந்துபோயின, தேக்கத்து நீரும் கலங்கியது. குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாட்கள் ஆயின. இலையுதிர் நிறம் பார்க்கப் பயணிகள் திரளும் அக்டோபர் முழுவதும் விடுதிகள் வெறிச்சோடின. கூலியை நம்பிய ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். நகர மையத்துக் குடிவாசிகள் கழிப்பறைக்குத் தண்ணீரை வாளியில் மாடிக்குச் சுமந்தார்கள். 1930இல் நிலத்தின் விலையை நம்பியிருந்த ஊர் இப்போது பயணிகளின் வருகையை நம்பியிருக்கிறது. மறுகட்டமைப்புக்கு வரும் மத்திய அரசுப் பணத்தை எந்தத் தெருவில் செலவிடுவது, அதில் யாருக்கு வீடு கட்டுவது என்று நகர மன்றத்தில் விவாதம் மறுபடி தொடங்கியது.