காயலா, கீழக்கரையா?

முன்சென்றோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்பதைப் பூமியில் பயணம் செய்து காணுமாறு திருமறை பலமுறை ஏவுகிறது. கோடை விடுமுறையில் மலைகளையும் அருவிகளையும் நாடும் நம்மவருள் சிலர், "கடலோரத்து நம் பழம்பதி ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம், காயல்பட்டினம் செல்வதா, கீழக்கரை செல்வதா?" என நம்மிடம் வினவுகின்றனர். வினா எளியதே எனினும், விடை கூற வரலாற்றைப் புரட்ட வேண்டியுள்ளது.

தொன்மையே அளவுகோல் எனில் காயல் முந்தி நிற்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் மரக்கலங்கள் யாவும் தொடும் துறைமுகம் எனக் காயலைக் குறிக்கிறார். ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து மஅபர் முதலிய கரைகளுக்கு வந்தன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டிய மன்னனின் அமைச்சராக விளங்கிய தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்த துறைமுகங்களுள் காயலும் ஒன்று.

ஆயினும் மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த பழையகாயலே அது என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் வாதிட்டார். காயல்பட்டினமே என்பாரும் உளர். ஆற்று வண்டல் கரையை மாற்றிவிட்டமையால் வந்த வழக்கு இது. வழக்கு எவ்வாறு முடியினும் காயல்பட்டினத்தின் கற்பள்ளிகள் ஐயத்திற்கு இடமில்லாச் சான்றுகள். வளைவுகளையும் குவிமாடங்களையும் நம்பாமல், தூண்களின்மீது உத்தரமும் கல்தளமும் ஏற்றித் தமிழகச் சிற்பிகளின் முறையிலேயே இவை எழுப்பப்பட்டன. மிஹ்ராப் கஅபாவை நோக்கி நிற்க, முன்மண்டபம் பாண்டி நாட்டைப் பேசுகிறது. மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூலில் இவ்வூருக்குத் தனி இடம் தந்துள்ளார்.

கீழக்கரையின் பெருமை வேறு வகையினது. 1538இல் வேதாளையில் நிகழ்ந்த போரில் போர்த்துக்கேயர் வென்றபின், முத்துக்குளித்துறையில் நம்மவரின் பிடி தளர்ந்தது. அத்தளர்ச்சிக்குப் பிந்திய 17ஆம் நூற்றாண்டில், சேதுபதி மன்னர்களின் ஆதரவோடு தலைநிமிர்ந்த ஊர் கீழக்கரை. கிழவன் சேதுபதியின் அன்புக்குரிய வணிகர், செத்தும் கொடுத்தவர் எனப் பெயர் பெற்ற வள்ளல் சீதக்காதி இவ்வூரினர். அவருடைய தூண்டுதலால் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம் 5,000 பாடல்களைக் கடந்து நம் காப்பியங்களுள் தலையாயதாக நிற்கிறது. வள்ளலின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்கள் இன்றும் கண்டு வியக்கத்தக்கவை.

அக்காப்பியத்துக்கு வேண்டிய நபிவரலாற்றுச் செய்திகளுக்காக உமறு நாடிச் சென்ற பேரறிஞர் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். கீழக்கரையில் அடங்கியுள்ள அப்பா அவர்கள் பிறந்ததோ காயல்பட்டினம். 19ஆம் நூற்றாண்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1816இல் காயலில் பிறந்த செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் கீழக்கரைத் தைக்கா சாஹிபின் மகளை மணந்து, மாப்பிள்ளை லெப்பை என்றே பெயர் பெற்றார்கள். அரூஸிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்தி, அறபுத்தமிழில் பத்ஹுத் தய்யான் முதலிய நூல்களை இயற்றி, 1898இல் அவ்வூரிலேயே மறைந்தார்கள். மணமகன் பெண்வீட்டில் வாழப்புகும் வழக்கம் இவ்விரு ஊர்களுக்கும் பொது. அவ்வழக்கத்தின் வழியே கல்வியும் ஊர்விட்டு ஊர் சென்றது என்பதற்கு அன்னாரின் வாழ்வே சான்று.

எனவே எந்த ஊர் பெரிது என்று கேட்பதில் பொருளில்லை. எத்தனை நாள் உண்டு, எதைக் காண விருப்பம் என்றே கேட்க வேண்டும். மூன்று நான்கு நாள் தங்கக் கூடியவர் காயலைத் தேர்வாராக. அங்குப் பள்ளிகள் பல. அவற்றை அவசரமின்றி, தெருத்தெருவாக நடந்து காண வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்குக் கடற்கரையும் உண்டு. ஒரே நாள் உடையவர் கீழக்கரை செல்வாராக. பள்ளி, வள்ளல், புலவர், ஆலிம் என்னும் நான்கையும் ஒருசேர நினைவூட்ட அவ்வூர் ஒன்றே போதும். இரண்டையும் காணும் வாய்ப்புடையவர் காயலில் தொடங்கிக் கீழக்கரையில் முடித்தல் நன்று. அப்பா அவர்கள் சென்ற திசையும் அதுவே.

எதைத் தேர்ந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். இடமின்மையைக் காரணமாகக் கூறிப் பழைய கற்பள்ளிகளை இடித்துக் காங்கிரீட்டில் எழுப்பும் போக்கு நம் கடற்கரையூர்கள் பலவற்றில் பரவியுள்ளது. தொழுகையாளர் பெருகும்போது பள்ளி விரிவடைவது மகிழ்ச்சிக்குரியதே. பழைய மண்டபத்தைக் காத்துக்கொண்டே பக்கத்தில் விரிவாக்க இயலும். அறபுத்தமிழ் ஏடுகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பாட்டிமார் ராகத்தோடு ஓதியவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பேரப்பிள்ளைகள் அறியார். ஒரு விடுமுறைப் பயணத்தில் இவையனைத்தும் சீராகிவிடா. ஆனால் கல்வெட்டின் முன் நின்று, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் அக்கல்லை இடிக்க உடன்படமாட்டான்.