மேற்பூச்சும் மெய்வண்ணமும்



ஜிந்துப்பிட்டியிலுள்ள எமது பாடசாலையின் வரலாற்றைத் தொகுக்கும் பொருட்டுப் பழைய மாணவரிடம் நிழற்படங்கள் கேட்டிருந்தேன். வந்தவற்றுள் ஒன்று பரிசளிப்பு விழாப் படம். கைத்தொலைபேசியிலுள்ள ‘பில்டர்’ கொண்டு அதனைப் பொன்மயமாக்கியிருந்தார்கள். சுவரும் முகங்களும் ஒரே தேன் நிறம். மூலப்படமோ எவரிடமும் இல்லை. இயல்பான நிறத்தை மீட்க இயலுமா என ஒரு மாணவன் வினவினான். அவ்வினா என்னைச் சீகிரியாவுக்கு இட்டுச் சென்றது.

ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் காலத்தில் அக்குன்றின் குடைவுகளில் தீட்டப்பெற்ற மாதர் உருவங்களை அறியாதார் இலர். 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஓர் இரவு, யாரோ அங்கு ஏறி இரண்டு உருவங்களைச் சிதைத்தெறிந்தனர். வேறு பலவற்றின்மீது பச்சை வண்ணத்தைப் பூசிவிட்டுச் சென்றனர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மறன்சி வரவழைக்கப்பட்டார். எமது தொல்பொருட் திணைக்களத்தினரும் அவருடன் உழைத்தனர்.

அப்பணியின் அருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். புதிய பூச்சு கரையவேண்டும். பழைய வண்ணம் கரையலாகாது. பழைய ஓவியனும் செம்மை, மஞ்சள் ஆகியவற்றோடு பச்சையையும் கையாண்டிருந்தான். ஆகவே பச்சையாயிருப்பதெல்லாம் பகைவன் பூசியது என்று துடைத்துவிட முடியாது. பூச்சு நீங்கிய இடத்தில் உருவம் மீண்டும் தோன்றியது. சாந்தோடு பெயர்ந்துபோன இடத்தில் நீக்குவதற்கு என்ன இருக்கிறது?

ஆயினும் ஒரு சாட்சி எஞ்சியிருந்தது. எச். சி. பி. பெல் தொல்பொருள் ஆணையாளராயிருந்த காலத்தில், 1896, 1897ஆம் ஆண்டுகளில், டி. ஏ. எல். பெரேரா என்னும் ஓவியர் அவ்வுருவங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்திருந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவன் தூரிகையோடு ஏறுவான் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். உள்ளதை உள்ளவாறு வரைந்தார், அவ்வளவே.

எமது படத்துக்கு அத்தகைய சாட்சி எது? மாணவரின் வெள்ளைச் சீருடைதான்! கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்றின் அளவுகளால் அமைவது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை செல்லும். வெள்ளைத் துணியில் மூன்றும் ஏறத்தாழச் சமமாயிருத்தல் வேண்டும். எமது படத்திலோ நீலம் மிகத் தாழ்ந்திருந்தது. சீருடை வெண்மையாகும்வரை அதனை உயர்த்தினோம். முகங்கள் தத்தம் நிறத்துக்குத் திரும்பின. மேடைத் திரை கருநீலம் என்பதும் அப்போதே தெரிந்தது. (மாலை வெயிலில் எடுத்த படமாயின் வெள்ளையும் சற்று மஞ்சளாகவே இருக்கும். அம்மஞ்சளையும் துடைத்துவிட்டால் அதுவும் ஒரு பொய்யே.)

ஆனால் கூந்தலின் கருமை முழுவதும் 0 ஆகவும், விளக்கொளி 255 ஆகவும் முட்டி நின்ற இடங்களில் எதுவும் மீளவில்லை. அவை சீகிரியாவில் சாந்து பெயர்ந்த இடங்களைப் போன்றவை. கணினியைக் கொண்டு அவ்விடங்களை ஊகித்து நிரப்பலாம் என்றான் மாணவன். வேண்டாம் என்றேன்.

திருத்திய படத்தைத் தொகுப்பில் ஒட்டி, ‘நிறம் பின்னர் திருத்தப்பட்டது’ எனக் கீழே எழுதுவித்தேன். அதன் அருகிலேயே பொன்னிறப் படமும் இருக்கிறது.